கரப்பானுக்கு வாயைக் கட்டாதீர்கள்

பிள்ளைக்கு மூன்று மாதம். கன்னம் சிவந்து சொரசொரப்பாகிவிட்டது. இரவெல்லாம் முகத்தைத் துணியில் தேய்த்துக்கொண்டே இருக்கிறது. பார்த்தவுடன் கரப்பான் (எக்ஸிமா என்னும் தோல் அழற்சி) என்று சொல்லிவிடுவார்கள். அடுத்த பேச்சு பெற்றவளிடம்தான்: "மக்ளே, இனி மீனு தொடப்பிடாது, முட்டையும் வேண்டாம்." மீன் இல்லாமல் சோறு இறங்காத, நம் குமரி மாவட்டத்துக் குளச்சல், முட்டம் பக்கத்து வீடுகளில்கூட, பால் கொடுக்கும் பெண்கள் மாதக்கணக்கில் ரசத்தோடு காலம் தள்ளுகிறார்கள். முதல் பிள்ளைக்கு நானும் அப்படித்தான் இருந்தேன். எனக்கு எடை குறைந்தது, கரப்பான் குறையவில்லை. எல்லாத் தாய்மாரும் பொதுவாக வாயைக் கட்டினால் பிள்ளைக்கு அலர்ஜி வராது என்பதற்கு ஆதாரம் இல்லை. குறிப்பிட்ட உணவை நிறுத்தச் சொல்லி மருத்துவர் காரணத்தோடு சொன்னால் மட்டும் நிறுத்துங்கள்.

அலர்ஜி வெளியே தெரிவதற்கு முன்பே உடம்பு அதற்குத் தயாராகிறது. ஏதோ ஒரு உணவின் புரதத்தை எதிரி என்று குறித்துக்கொண்டு, அதற்கென ஐஜிஇ என்னும் எதிர்ப்பொருளை உண்டாக்கி வைக்கிறது. பிள்ளை அந்த உணவை ஒருமுறைகூடத் தின்றிருக்க வேண்டியதில்லை. நம் கையிலும் வீட்டுத் தூசியிலும் நிலக்கடலை, முட்டை, பால் எல்லாம் ஒட்டியிருக்கின்றன. கரப்பானால் வெடித்த தோல் திறந்த வாசல் மாதிரி. அந்த வழியாகப் போகும் புரதத்தை உடம்பு பகையாகப் பார்க்கிறது. வாய்வழியாகக் குடலுக்குப் போனால் பெரும்பாலும் உணவாக ஏற்றுக்கொள்ளப் பழகுகிறது. மருத்துவ உலகம் இன்று இப்படித்தான் விளங்கிக்கொள்கிறது. நாமோ வாயை மூடிவிட்டுத் தோலைத் திறந்து வைக்கிறோம்.

எனவே கரப்பான் உள்ள தோலில் கடலைமாவும் பயற்றுமாவும் தேய்த்துக் குளிப்பாட்டாதீர்கள். பாலாடை பூசாதீர்கள். கடலையெண்ணெய் கலந்த களிம்பு பூசப்பட்ட குழந்தைகளிடம் நிலக்கடலை அலர்ஜி அதிகம் என்று 2003-இலேயே இங்கிலாந்தில் கண்டிருக்கிறார்கள். குளித்து ஈரம் காயும் முன்பே மருத்துவர் சொன்ன ஈரப்பதக் களிம்பைத் தடவுங்கள். ஸ்டீராய்டு என்ற பெயருக்குப் பயந்து, அவர் எழுதிய மருந்தைப் பாதியில் நிறுத்துவதும் தவறு. தோல் ஆறாவிட்டால் வாசலும் மூடாது. அண்டி ஆபீசில், அதாவது முந்திரி ஆலையில், வேலை பார்க்கும் அம்மாமார் வீட்டுக்கு வந்ததும் கை கழுவி, உடை மாற்றி, அப்புறம் பிள்ளையைத் தூக்குங்கள். முந்திரி அலர்ஜி வந்தால் கடுமையாக இருக்கக்கூடும்.

அடுத்தது, தள்ளிப்போடுவது. இதற்கு நம் பாட்டிகளை மட்டும் குறை சொல்ல முடியாது. அலர்ஜி பரம்பரை உள்ள பிள்ளைகளுக்கு முட்டையை 2 வயதுவரை, நிலக்கடலையையும் மீனையும் 3 வயதுவரை தள்ளிவைக்கச் சொல்லி, 2000-இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கமே அறிவுரை தந்தது. 2008-இல் அதைக் கைவிட்டது. 2015-இல் லண்டன் ஆய்வு ஒன்று வந்தது. கடும் கரப்பானோ முட்டை அலர்ஜியோ இருந்த 640 குழந்தைகள்; 4 முதல் 11 மாதத்துக்குள் சேர்க்கப்பட்டவர்கள். பாதிப்பேருக்கு நிலக்கடலை கொடுத்தார்கள், மீதிப்பேருக்குத் தவிர்த்தார்கள். ஐந்து வயதில் பார்த்தபோது, தின்றவர்களிடம் அந்த அலர்ஜி ஏறக்குறைய 80 சதவீதம் குறைவாக இருந்தது.

அதனால் ஆறு மாதம் முடிந்து ஏத்தங்காய் (நேந்திரங்காய்) மாவுக் கஞ்சி தொடங்கும்போதே, நன்றாக வெந்த முட்டை, முள் நீக்கிய மீன், விழுதாக அரைத்துக் கஞ்சியில் கரைத்த நிலக்கடலை ஆகியவற்றை ஒவ்வொன்றாகச் சேருங்கள். முழுக்கடலை கூடவே கூடாது, மூச்சுக்குழாயில் அடைத்துக்கொள்ளும். ஒத்துக்கொண்டதை வாரத்தில் சிலமுறை விடாமல் கொடுங்கள். கரப்பான் கடுமையாக இருக்கும் பிள்ளைக்கு மட்டும் முதலில் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

எனக்கு மிகவும் வருத்தம் தருவது ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்து உணவை நிறுத்துவது. ஐஜிஇ இருக்கிறது என்றால் உடம்பு குறித்துவைத்திருக்கிறது, அவ்வளவுதான். தின்று எந்தத் தொந்தரவும் இல்லாத பிள்ளையிடமிருந்து பாலையும் முட்டையையும் பிடுங்கினால், பழகியிருந்த உடம்பு பழக்கத்தை இழந்து, பிறகு கொடுக்கும்போது நிஜமான அலர்ஜியே வரலாம்.

இரண்டு பருவமழையும் பெய்யும் மாவட்டம் நம்முடையது. ஈரத்தில் மெத்தையிலும் தலையணையிலும் தூசுப்பூச்சி பெருகும். உறைகளை வெந்நீரில் துவைத்து வெயிலில் காயப்போடுங்கள். பீடி, கொசுவத்தி, சாம்பிராணிப் புகை பிள்ளை இருக்கும் அறையில் வேண்டாம்.

புது உணவைப் பகலில், பிள்ளை நல்ல உடல்நிலையில் இருக்கும்போது கொடுத்து, இரண்டு மணி நேரம் கவனியுங்கள். வாயைச் சுற்றி லேசாகச் சிவப்பது பெரும்பாலும் தோல் எரிச்சல்தான். உடம்பெங்கும் தடிப்பு, உதடு வீக்கம், மீண்டும் மீண்டும் வாந்தி என்றால் அந்த உணவை நிறுத்திவிட்டு உடனே மருத்துவரிடம் காட்டுங்கள். மூச்சு இழுத்தாலோ பிள்ளை துவண்டாலோ கைவைத்தியம் பார்த்து நிற்காமல் 108-ஐ அழையுங்கள். அப்போது பிள்ளைக்குத் தேவை அட்ரினலின் ஊசி.