கேரவனைக் கிளப்புமுன் டயருக்கு என்ன வயது என்று பாருங்கள்
ஆஸ்திரேலியாவில் பணி ஓய்வுக்குப் பிறகு காரின் பின்னால் இழுத்துப்போகும் வீட்டு வண்டியான கேரவனிலேயே ஊர் சுற்றும் பெரியவர்கள் ஏராளம். கொரோனாவால் அடைத்த மேற்கு ஆஸ்திரேலிய எல்லை 2022 மார்ச் 3 அன்று திறந்துவிட்டது. கிளம்புமுன் குனிந்து டயரின் பக்கவாட்டைப் பாருங்கள். நான்கு இலக்க எண் இருக்கும். 3516 என்றால் 2016-இன் 35ஆவது வாரத்தில் செய்தது. ஓடாமல் நின்ற வண்டியில் டயரின் பட்டன் தேயாமல் புதுசுபோல இருக்கும், அதை நம்பவே நம்பாதீர்கள். வெயிலில் காய்ந்த ரப்பரில் மயிரிழை வெடிப்புகள் விரலுக்குத் தட்டுப்படும். அப்படியிருந்தால் மாற்றிவிடுங்கள், ஸ்டெப்னியையும் சேர்த்துத்தான். மேற்கு ஆஸ்திரேலியாவில் பல்லடோனியா என்ற இடத்திலிருந்து கைகுனா என்ற இடத்துக்குப் போகும் வழியில் 146.6 கிலோமீட்டர் வளைவே இல்லாத சாலை. அங்கே டயர் வெடித்து நீங்கள் வெயிலில் நிற்கக் கூடாது. வீல் பேரிங்கையும் மெக்கானிக்கிடம் காட்டிவிடுங்கள்.