பாரம் தூக்கத் தொடங்கியதும் வரும் தசைநோ: புதியவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

யாழ்ப்பாணத்தில் இன்று முதன்முறையாகப் பாரம் தூக்க வருவோர் பலதரப்பட்டவர்கள். உயர்தரப் பரீட்சை முடிந்த கையோடு ஜிம்மில் சேரும் மாணவர்கள் இருக்கிறார்கள்; இரத்தத்தில் சீனி கூடிவிட்டது, உடற்பயிற்சி செய்யுங்கள் என்று வைத்தியர் சொன்னதற்காக ஐம்பது வயதில் வருபவர்களும் இருக்கிறார்கள். இரு சாராரையும் திகைக்க வைப்பது மறுநாட் காலைதான். கிணற்றடியில் வாளியைப் பிடித்த கை முழங்கையில் நிமிர மறுக்கிறது; குந்தியிருந்து எழும்புவதற்குச் சுவரைப் பிடிக்க வேண்டியிருக்கிறது. இந்த நோ பெரும்பாலும் ஆபத்தில்லாதது, தானாகவே மாறிவிடுவது. ஆனால் அதைப் பிழையாக விளங்கிக்கொண்டு செய்கின்ற காரியங்கள் பலரை இரண்டாவது வாரத்துக்கு முன்பே ஜிம்மை விட்டு விலகச் செய்கின்றன. மிகச் சிலரை வைத்தியசாலையிலும் சேர்த்துவிடுகின்றன.

இந்த நோவுக்கென்று ஒரு கால ஒழுங்கு உண்டு. பயிற்சி முடிந்து 12 முதல் 24 மணித்தியாலங்களுக்குள் தொடங்கி, 24 முதல் 72 மணித்தியாலங்களுக்கு இடையில் உச்சத்தைத் தொட்டு, ஐந்து முதல் ஏழு நாட்களுக்குள் அடங்கிவிடும். பழக்கமில்லாத வேலையைச் செய்த தசை இழைகளில் நுண்ணிய சிதைவுகள் ஏற்படுகின்றன. அவற்றைச் சீர்செய்ய உடல் முனையும்போது உண்டாகும் அழற்சியினால் அங்குள்ள நரம்பு முனைகள் கூருணர்வு அடைய, தொட்டாலும் நீட்டினாலும் நோகின்ற நிலை வருகிறது. அமெரிக்க உடற்றொழிலியலாளரான தியடோர் ஹஃப், விரல் தசைகளை வைத்துச் செய்த சோதனைகளைக் கொண்டு, தசைக்குள் ஏற்படும் சிதைவே இதற்குக் காரணமாகலாம் என்று 1902 ஆம் ஆண்டிலேயே எழுதிவிட்டார்.

அதற்குப் பின்னர் இத்தனை காலம் கடந்தும், தசையில் லக்டிக் அமிலம் தேங்கிவிட்டது, தேசிக்காய்த் தண்ணீர் குடித்தால் கரைந்துவிடும் என்ற பேச்சு ஜிம்களில் ஓயவில்லை. கடும் பயிற்சியின்போது இரத்தத்தில் கூடும் லக்டேற்று (லக்டிக் அமிலம் உடலில் இருக்கும் வடிவம்), பயிற்சி முடிந்து ஏறத்தாழ ஒரு மணித்தியாலத்துக்குள் பழைய அளவுக்குத் திரும்பிவிடுகிறது. மறுநாள் நோவதற்கு அது அங்கே இருப்பதில்லை. 1983 இல் வெளியான ஓர் ஆய்வில் சிலர் சமதரையிலும் சிலர் சரிவில் கீழ்நோக்கியும் ஓடினார்கள். சமதரையில் ஓடியவர்களுக்கு லக்டிக் அமிலம் கூடியது, ஆனால் பின்னர் நோ வரவில்லை; சரிவில் ஓடியவர்களுக்கு அது கூடவேயில்லை, நோ வந்தது. இது வெறும் அறிவியல் திருத்தமாக நின்றுவிடும் விடயமன்று. தேங்கிக் கிடக்கும் கழிவொன்று நோவைத் தருகிறது என்று நம்புபவர், வியர்வையோடு அதை வெளியேற்றுவதாக எண்ணி, சிதைந்திருக்கும் அதே தசைக்கு மறுநாளும் பாரம் ஏற்றுகிறார்.

சரிவில் இறங்கி ஓடுவது ஏன் நோவைத் தருகிறது என்பதில்தான் புதியவர் அறிந்துகொள்ள வேண்டிய முக்கியமான செய்தி இருக்கிறது. நமது ஊர் சமதரை. அந்த நோவை நாம் அறிந்துகொள்வது சிவனொளிபாத மலைக்குப் போய் வந்த மறுநாளில்தான். ஏறும்போது மூச்சு வாங்கியது என்னவோ உண்மை, ஆனால் அடுத்தடுத்த நாட்களில் தொடை நோவது பெரும்பாலும் இறங்கிய படிகளினால். சுமையைத் தாங்கியபடியே தசை நீளும்போது அதற்கு ஏற்படும் சிதைவு, சுருங்கித் தூக்கும்போது ஏற்படுவதைவிட அதிகம். ஜிம்மில் டம்பெல்லை மேலே கொண்டுபோவதைவிட மெல்ல மெல்லக் கீழே இறக்குவதும், ஸ்குவாட்டில் எழும்புவதைவிடப் பாரத்தோடு குந்துவதும் மறுநாள் நோவுக்குக் கூடுதலான காரணங்கள். ஆகவே முதல் வாரத்தில், தூக்க முடியாத பாரத்தை நண்பரின் உதவியோடு மேலே ஏற்றிவிட்டுத் தனியே இறக்கிப் பழகுவது போன்ற முறைகளைத் தொடவே கூடாது.

எல்லாத் தவறுகளிலும் பெரியது முதல் நாளிலேயே அளவுக்கு மிஞ்சிச் செய்வதாகும். புதியவர் உற்சாகத்தோடு வருகிறார். பக்கத்தில் நிற்பவர் ஆண்டுக்கணக்காகப் பயிற்சி செய்பவர். அவருக்கு எழுதிய அட்டவணையே இவருக்கும் கொடுக்கப்படுகிறது. கை நடுங்கத் தொடங்கிய பிறகும் “இன்னும் ரெண்டு தம்பி, இன்னும் ரெண்டு” என்று பின்னால் நின்று உற்சாகப்படுத்துகிறார்கள். தம்பியும் செய்துவிடுகிறார், ஏனெனில் முதல் நாளில் விட்டுக்கொடுக்க எவருக்கும் மனம் வராது. இந்த “இன்னும் ரெண்டு” புதியவரின் காதில் விழவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. முதல் இரண்டு வாரங்களுக்கு ஐந்தாறு பயிற்சிகள் போதும். ஒவ்வொன்றிலும் ஒரு செட், மிஞ்சினால் இரண்டு. ஒரு செட்டில் பத்துப் பன்னிரண்டு தடவை தூக்கி முடித்த பின்னரும் இன்னும் நான்கு தடவையாவது தூக்கலாம் என்று தோன்றும் அளவுக்குத்தான் பாரம் இருக்க வேண்டும். கிழமைக்கு இரண்டு அல்லது மூன்று நாட்கள், ஒவ்வொரு நாளுக்கும் இடையில் குறைந்தது ஒரு நாள் ஓய்வு. முதல் நாள் வீடு திரும்பும்போது “இவ்வளவுதானா” என்று தோன்றினால் அளவு சரியாக அமைந்திருக்கிறது என்று கொள்ளலாம்.

இவ்வளவு குறைத்துத் தொடங்குவதால் பயன் குறைந்துவிடும் என்று அஞ்சத் தேவையில்லை. ஒரு தடவை மிதமாகச் சிதைந்து சீரான தசை, அதே வேலையை அடுத்த தடவை செய்யும்போது மிகக் குறைவாகவே சிதைகிறது. இந்தப் பாதுகாப்பு முதல் தடவையிலேயே தொடங்கிவிடுகிறது. அதைப் பெறுவதற்குக் கடுமையான நோ வேண்டியதில்லை. கோப்பாய், சுன்னாகம் பக்கத்துத் தோட்டக்காரர்களிடம் கேட்டால், சில மாதம் மண்வெட்டி பிடிக்காமல் இருந்துவிட்டுக் கொத்தத் தொடங்கும் முதல் இரண்டு நாட்கள் தோளும் இடுப்பும் உளைவதையும், அதன் பின்னர் போகம் முழுவதும் கொத்தினாலும் அப்படி உளையாததையும் சொல்வார்கள்.

இதிலிருந்தே அடுத்த தவறு விளங்கும். நோ இல்லாவிட்டால் பயிற்சி பலிக்கவில்லை என்று கருதி, ஒவ்வொரு கிழமையும் புதிது புதிதாகப் பயிற்சிகளை மாற்றி நோவைத் தேடிப் போவோர் பலர். உடலுக்குப் பழக்கமில்லாத வேலை கொடுக்கப்பட்டது என்பதை மட்டுமே நோ காட்டுகிறது; தசை வளர்கிறதா, பலம் கூடுகிறதா என்பதை அது காட்டுவதில்லை. அதை அறிய ஒரு கொப்பி போதும். இன்று எந்தப் பயிற்சியில் எத்தனை கிலோவை எத்தனை தடவை தூக்கினோம் என்று எழுதி வைத்தால், ஒரு மாதத்தில் உண்மை தெரிந்துவிடும்.

நோ வந்துவிட்டது, இப்போது என்ன செய்வது? அசையாமல் படுத்துக் கிடப்பதும் பிழை, வைராக்கியத்தோடு அதே தசையைத் திரும்பவும் வருத்துவதும் பிழை. நோகின்ற தசையின் பலம் தற்காலிகமாகக் குறைந்திருக்கும் என்பதால், தூக்கும் முறை கோணி மூட்டுக்குக் காயம் வரலாம். மெல்ல நடப்பது, சைக்கிளில் ஊரைச் சுற்றி வருவது, கை நோகிறதென்றால் அன்று காலுக்கான பயிற்சியைச் செய்வது ஆகியவை நல்லவை. இரத்த ஓட்டம் கூடும்போது சிறிது நேரத்துக்காவது இறுக்கம் தளர்கிறது. பயிற்சிக்கு முன்போ பின்போ தசையை இழுத்து நீட்டுவதால் மறுநாள் நோ குறிப்பிடத்தக்க அளவுக்குக் குறைவதில்லை என்பது பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில் தெரிந்த முடிவு. நோவெண்ணெயை மெல்லத் தடவி விடுவது இதமாக இருக்கும். ஆனால் வீங்கிய தசையை அழுத்திப் பிசைவிப்பதும், சுளுக்கென்று நினைத்து ஆளைக் கொண்டு இழுப்பிப்பதும் இருக்கும் சிதைவைக் கூட்டக்கூடியவை.

நோமாத்திரை விடயத்தில் இன்னும் கவனம் வேண்டும். பாமசியில் டைக்ளோபினாக், ஐபியூபுரோபென் போன்ற மாத்திரைகளை வாங்கி, வெறும் வயிற்றில் விழுங்கிவிட்டு ஜிம்முக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள். இவை இரைப்பையைப் புண்ணாக்கக் கூடியவை. வியர்த்து நீரிழந்த உடலில் சிறுநீரகத்துக்கும் கேடு செய்யக் கூடியவை. அத்துடன், நோவை மறைத்துவிட்டுப் பாரம் தூக்குபவருக்குத் தசை விடுக்கும் எச்சரிக்கை கேட்காது.

நமது பகுதிக்கென்று ஒரு தனிக் காரணமும் உண்டு. வடகீழ்ப் பருவமழையை ஒட்டி, ஒக்டோபர் தொடக்கம் ஜனவரி வரையில், யாழ்ப்பாணத்தில் டெங்கு கூடுவது வழக்கம். டெங்கும் உடல் முழுவதையும் அடித்துப் போட்டது போன்ற நோவோடு தொடங்கும். ஜிம்மில் சேர்ந்த முதல் கிழமையில் அப்படி நோகின்ற ஒருவர், பயிற்சியின் நோ என்று எண்ணி மேற்சொன்ன மாத்திரைகளை எடுத்தால் இரத்தக்கசிவு ஏற்படும் ஆபத்து அதிகரிக்கிறது. பயிற்சியினால் வரும் தசைநோ காய்ச்சலைத் தருவதில்லை. காய்ச்சல் இருந்தால் அதை ஜிம்மின் கணக்கில் எழுதாமல், உரிய அளவில் பரசிற்றமோல் மட்டுமே எடுத்துக்கொண்டு, வைத்தியரைக் கண்டு இரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். எலிக்காய்ச்சலும் இப்படியே ஏமாற்றும்: காய்ச்சலோடு கெண்டைக்காலில் கடும் நோவும் கண் சிவப்பும் சேர்ந்து வரும். 2024 டிசம்பரில் யாழ்ப்பாணத்தில் அது பரவி உயிர்களைப் பறித்தது. வயலிலோ வெள்ளத்திலோ இறங்கியவர் இந்த அறிகுறிகளை ஒரு நாளும் தள்ளிப்போடக் கூடாது.

அரிதாக, பயிற்சியே தசையை ஆபத்தான அளவுக்குச் சிதைத்துவிடுவதும் உண்டு. முதல் நாளில் ஒரே தசையை ஓய்வின்றி வருத்தியவர்கள், தகரக் கூரைக்குக் கீழே வெக்கையில் தண்ணீர் குடிக்காமல் பயிற்சி செய்தவர்கள் இதற்கு அதிகம் ஆளாகிறார்கள். சிதைந்த தசையிலிருந்து மயோகுளோபின் என்ற புரதம் பெருமளவில் இரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தைத் தாக்குகிறது. சிறுநீர் வெறுந்தேநீர் நிறத்தில் கருமையாகப் போவது, கையோ காலோ கல்லுப் போல வீங்குவது, நோ நாளுக்கு நாள் குறையாமல் கூடுவது, கையை உயர்த்தவே முடியாத பலவீனம் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் விடியட்டும் என்று காத்திராமல் வைத்தியசாலைக்குப் போக வேண்டும். போனதும் இன்ன பயிற்சி செய்தேன் என்று மறைக்காமல் சொல்ல வேண்டும். காலத்தோடு நாளத்தின் வழியே திரவம் ஏற்றினால் சிறுநீரகத்தைப் பெரும்பாலும் காப்பாற்றிவிடலாம். கொலஸ்திரோலுக்காக அற்றோவாஸ்ரற்றின் போன்ற மாத்திரை எடுப்பவர்கள், அந்த மருந்தும் தசைநோவைத் தரக்கூடியது என்பதால், பாரம் தூக்கத் தொடங்குவதற்கு முன்பே வைத்தியரிடம் அதைப் பற்றிக் கேட்டுக்கொள்வது நல்லது. மாத்திரையைத் தாங்களாகவே நிறுத்திவிடக் கூடாது.

பயிற்சி செய்துகொண்டிருக்கும்போதே சடுதியாகக் குத்திய நோ, மூட்டுக்குள் இருக்கும் நோ, ஒரு பக்கத்தில் மட்டும் விரல் வைத்துக் காட்டக்கூடிய நோ ஆகியவை தசைநோ அல்ல, காயம். தசைநோ பிந்தி வருவது, பரந்து இருப்பது, பெரும்பாலும் இரு பக்கமும் ஒத்திருப்பது.

உணவைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். எந்த உணவும் நோவை ஓரிரவில் போக்காது. ஆனால் சிதைந்ததைக் கட்டியெழுப்பப் புரதம் வேண்டும். பாரம் தூக்குபவருக்கு உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 1.4 முதல் 1.6 கிராம் வரை என்பது பொருத்தமான அளவு. 60 கிலோ எடையுள்ளவருக்கு அது 84 முதல் 96 கிராம். சிறுநீரக நோயுள்ளவர்கள் மட்டும் வைத்தியரைக் கேட்டே இதைத் தீர்மானிக்க வேண்டும். சோறு நிறையவும் கறி கொஞ்சமாகவும் உண்ணும் நமது வழக்கத்தில் இந்த அளவு இலகுவில் எட்டாது. 100 கிராம் மீனில் ஏறத்தாழ 20 கிராம், ஒரு முட்டையில் 6 கிராம் புரதம் கிடைக்கிறது. சிக்கல் வருவது நல்லூர்த் திருவிழாவின் 25 நாட்களும் சைவமாக இருப்பவர்களுக்குத்தான். மீனை நிறுத்தும்போது அதன் இடத்துக்கு வேறொன்றை அவர்கள் வைப்பதில்லை. பயறு, கடலை, உழுந்து, சோயாமீற், தயிர் ஆகியவற்றை ஒவ்வொரு வேளையிலும் சேர்த்துக்கொண்டால் விலை கூடிய புரத மாவுப் பேணி இல்லாமலேயே அளவை எட்டிவிடலாம். இரவில் ஏழெட்டு மணித்தியால உறக்கமும் அதேயளவு முக்கியமானது.

இடையில் பயிற்சியை விட்டவர்கள் செய்யும் தவறு ஒன்று எஞ்சியிருக்கிறது. முன்னர் சொன்ன பாதுகாப்பு நிரந்தரமானதன்று. சில கிழமைகள் தொடாமல் இருந்தால் அது தேயத் தொடங்கி, மாதங்கள் போகப் போக மறைந்துவிடுகிறது. திருவிழாவுக்கோ பரீட்சைக்கோ காய்ச்சலுக்கோ ஜிம்மை நிறுத்தியவர் திரும்பி வந்து, கொப்பியின் கடைசிப் பக்கத்தில் இருக்கும் பாரத்தை அப்படியே எடுக்கக் கூடாது. அதில் பாதிப் பாரம், பயிற்சிக்கு ஒரு செட் என்று முதல் கிழமையை முடித்து, நோவின் அளவைப் பார்த்து இரண்டாம், மூன்றாம் கிழமைகளில் படிப்படியாகக் கூட்ட வேண்டும். டெங்கு போன்ற நோயிலிருந்து எழும்பியவர் அதற்கும் முன்னதாக, எப்போது தொடங்கலாம் என்று தன்னைப் பார்த்த வைத்தியரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.