ஆற்று மணலில் கயிறு ஏறுவது எப்படி?

2015-இல் அமெரிக்கன் நிஞ்ஜா வாரியர் என்ற தடை தாண்டும் டிவி போட்டியின் 7ஆம் சீசனில் கடைசிச் சுற்று: 75 அடிக் கயிறு, 30 நொடி. ஜெஃப் பிரிட்டன் 29.65 நொடியில் ஏறினார். ஐசக் கால்டியெரோ 26.14. பத்து லட்சம் டாலர் ஐசக்குத்தான். அதைப் பார்த்துவிட்டுத்தான் பள்ளிகொண்டாவில் பாலாற்றோரப் புளியமரத்தில் கயிறு கட்டினேன்.

தேங்காய் நார்க் கயிறு வேண்டவே வேண்டாம். உள்ளங்கை உரிந்து ஒரு வாரம் ஸ்பூனில் சாப்பிட்டேன். தடித்த பருத்திக் கயிறு வாங்குங்கள். முதலில் கிளையில் இரண்டு பேர் தொங்கிப் பாருங்கள். கீழே மணலைக் கொத்தி விடுங்கள். (காய்ந்த ஆறு இதற்காவது உதவட்டும்.)

கயிறு வலது காலுக்கு வெளிப்பக்கம் இறங்கட்டும். இடது காலால் அதை வலது பாதத்துக்கு அடியில் இழுத்து, இடது பாதத்தின் மேல் ஏற்றி, வலது பாதத்தால் அழுத்துங்கள். அப்புறம் எழுந்து நின்றால் போதும், ஓரடி ஏறியிருப்பீர்கள். இறங்கும்போது மட்டும் சறுக்காதீர்கள்.