சங்கராபரணத்துக்குள் இருக்கும் ஏழு கார்டுகள்

பாளையங்கோட்டைப் பக்கம் தேவாலயப் பாடகர் குழுவில் வாசிப்பதற்காகக் கிதாரைக் கையில் எடுக்கும் பிள்ளைகள் பலர், பாட்டுத் தாளில் வரிகளுக்கு மேல் குறித்திருக்கும் கார்டுகளை (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரங்களை) வெறும் விரல் வடிவங்களாகவே மனப்பாடம் செய்கிறார்கள். பாடுகிறவர் "இன்றைக்கு ஒரு கட்டை குறைத்துக்கொள்வோம்" என்று சுருதியை இறக்கச் சொன்னதும் கை நின்றுவிடுகிறது. கார்டுகள் ஸ்கேலிலிருந்து, அதாவது ஸ்வர வரிசையிலிருந்து, எப்படிப் பிறக்கின்றன என்று தெரிந்துகொண்டால் இந்தத் திகைப்பு பெருமளவு நீங்கும்.

மேஜர் ஸ்கேலின் ஸ்வரங்கள் நம் சங்கராபரண ராகத்தின் ஸ்வரங்களே. கிதாரின் இரண்டாம் தந்தியில் முதல் ஃப்ரெட்டான (கழுத்தில் விரல் அழுத்தும் கட்டம்) சி-யைச் சட்ஜமமாக வைத்துக்கொண்டு 1, 3, 5, 6, 8, 10, 12, 13 என்று வரிசையாக மீட்டினால் ச ரி க ம ப த நி ச கேட்கும். க-வுக்கும் ம-வுக்கும் நடுவிலும், நி-க்கும் மேல் ச-வுக்கும் நடுவிலும் மட்டும் ஒரு ஃப்ரெட் இடைவெளி. மற்ற இடங்களில் இரண்டு. வாயால் பாடிக்கொண்டே இதை மீட்டுவது நல்லது.

இனி ஒரு ஸ்வரத்தை எடுத்து, அடுத்ததை விட்டு, அதற்கடுத்ததை எடுத்து, மறுபடி ஒன்றை விட்டு மூன்றாவதைச் சேர்த்தால் கார்டு கிடைக்கும். ச, க, ப என்பது சி, ஈ, ஜி. அதுதான் சி மேஜர். எல்லோரும் முதலில் பிடிக்கும் சி கார்டின் ஐந்து தந்திகளையும் ஒவ்வொன்றாக மீட்டிப் பார்த்தால் சி, ஈ, ஜி, சி, ஈ என்றுதான் வரும். நான்காவது ஸ்வரம் எதுவும் அங்கே இல்லை.

ச-வுக்கும் க-வுக்கும் இடையே நான்கு ஃப்ரெட், க-வுக்கும் ப-வுக்கும் இடையே மூன்று என்பதால் அது மேஜர். ரி, ம, த எடுத்தால் முதலில் மூன்று, பிறகு நான்கு. ஆகவே டி மைனர். இப்படியே எண்ணிச் சென்றால் ச, ம, ப ஆகியவற்றின் மேல் மேஜரும் (சி, எஃப், ஜி) ரி, க, த ஆகியவற்றின் மேல் மைனரும் (டி, ஈ, ஏ) அமையும். நி, ரி, ம மட்டும் மூன்று, மூன்று என்று குறுகி பி டிமினிஷ்டு ஆகிறது. கிரகபேதம் (ராகத்தின் வேறொரு ஸ்வரத்தைச் சட்ஜமமாக்கி இன்னொரு ராகம் காண்பது) படித்தவர்களுக்கு இது புதிதல்ல: சங்கராபரணத்தின் நி-யைச் சட்ஜமமாக்கினால் பஞ்சமம் (ப) கிடைக்காமல் மேளகர்த்தா எனும் தாய் ராகம் கைகூடாமல் போவதும் இதே காரணத்தால்தான்.

மெட்டில் ஒரு ஸ்வரம் நீண்டு நின்றால், அதைத் தாங்கக்கூடிய கார்டுகள் ஸ்கேலுக்குள் மூன்று இருக்கும். ப நின்றால் சி, ஈ மைனர், ஜி மூன்றையும் வாசித்துப் பார்த்துக் காதுக்கு ஏற்றதைக் கொள்ளலாம். பழகுவதற்கு, 1835இல் எட்டயபுரத்தில் மறைந்த முத்துசுவாமி தீட்சிதரின் நோட்டுஸ்வரங்கள் மிகவும் பொருத்தமானவை. மேற்கத்திய மெட்டுகளின் வழியில் சங்கராபரணத்தில் அமைந்த அவற்றில் கமகம் எனும் ஸ்வர அசைவு குறைவு என்பதால் கார்டு தடுமாறாமல் உட்காரும்.

கட்டை மாறும்போது வரிசை மாறுவதில்லை, தொடங்கும் இடம்தான் மாறுகிறது. ஒரு கட்டை சி, இரண்டு டி, மூன்று ஈ, நான்கு எஃப், ஐந்து ஜி. ஐந்து கட்டையில் ஜி, ஏ மைனர், பி மைனர், சி, டி, ஈ மைனர், எஃப் ஷார்ப் (எஃப்-க்கு ஒரு ஃப்ரெட் மேலே) டிமினிஷ்டு என்று வரும். கிதாரின் கழுத்தில் தந்திகளை அழுத்தும் கேப்போ எனும் கவ்வியை மாட்டித் தப்பிக்கலாம்தான். ஆனால் முதலில் அது இல்லாமல் இரண்டு, ஐந்து கட்டைகளிலாவது ஏழு கார்டுகளையும் தாளில் எழுதிப் பார்த்துவிடுங்கள்.

ஏ மைனரை மையமாகக் கொண்ட பாடல்களில் ஈ மைனர் வரவேண்டிய இடத்தில் ஈ மேஜர் ஒலித்தால் குழம்ப வேண்டாம். அங்கே ஜி ஸ்வரம் ஜி ஷார்ப் ஆகியிருக்கிறது. அதாவது நடபைரவி ராகம் கீரவாணி ராகமாகியிருக்கிறது. அந்த ஒரு ஸ்வரத்தை மாற்றிக்கொண்டு, அதே முறையில் ஒன்றுவிட்டு ஒன்றாக எடுத்துக் கார்டுகளை அமைத்துக்கொள்ளலாம்.