தன்பாலீர்ப்பு வீரர்களைப் பற்றிய செய்திகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

விளையாட்டுப் பக்கத்தில் இருபது ஆண்டுகளுக்கு மேல் உதவி ஆசிரியராக இருந்த நான், இப்போது புதிய நிருபர்கள் எழுதித்தரும் செய்திகளைத் திருத்திக்கொடுக்கிறேன். தம் தன்பாலீர்ப்பை வெளிப்படையாகச் சொன்ன வீரர்களைப் பற்றி அவர்கள் எழுதும்போது, ஒரு காலத்தில் நான் செய்த தவறுகளே திரும்ப வருகின்றன. பெயரைப் பிழையாக எழுதுவது, ஊரை மாற்றிப் போடுவது போன்றவற்றை மெய்ப்புப் பார்ப்பவரே பிடித்துவிடுவார் என்பதால் அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன்.

காவல் நிலையச் சொற்கள்

‘ஒப்புக்கொண்டார்’, ‘வாக்குமூலம்’, ‘அம்பலம்’ ஆகியவை குற்றச் செய்திக்கு உரியவை. தாமாக முன்வந்து பேசியவருக்குச் ‘சொன்னார்’ என்பதே போதும். ‘ஓரினச்சேர்க்கை’ என்ற சொல் ஒருவருடைய அன்பையும் வாழ்க்கையையும் உடலுறவாகச் சுருக்கிவிடுகிறது. சென்னை உயர் நீதிமன்றம் வலியுறுத்தியதை அடுத்துத் தமிழ்நாடு அரசு 2022இல் இவர்களைக் குறிக்கும் சொற்களின் பட்டியலையே அரசிதழில் வெளியிட்ட பிறகும், தெரியாமல் எழுதிவிட்டேன் என்று சொல்வதை நான் ஏற்பதில்லை.

இரண்டு விவகாரங்களை ஒன்றாக்குவது

2019 மே மாதம், மக்களவைத் தேர்தலின் கடைசிக் கட்ட வாக்குப்பதிவு முடிந்து செய்திப் பிரிவே கருத்துக்கணிப்புகளில் மூழ்கியிருந்த நேரத்தில், ஒடிசாவைச் சேர்ந்த ஓட்ட வீராங்கனை டூட்டி சந்த் தாம் ஒரு பெண்ணை நேசிப்பதாகச் சொன்ன செய்தி வந்தது. முந்தைய ஆண்டு செப்டம்பர் 6 அன்று, தன்பாலுறவைக் குற்றமாக்கியிருந்த 377ஆம் பிரிவு குறித்து உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு தமக்குத் துணிவு தந்ததாகவும் அவர் கூறியிருந்தார். செய்தி அவ்வளவுதான். ஆனால் பக்கத்தில் கொஞ்சம் இடம் மிஞ்சியிருந்தது. அதை நிரப்ப, 2014இல் ஹார்மோன் அளவைக் காரணம் காட்டி அவர் காமன்வெல்த் அணியிலிருந்து நீக்கப்பட்டதைப் ‘பின்னணி’ என்ற தலைப்பில் பெட்டிச் செய்தியாக எழுதிச் சேர்த்தவன் நான்.

அந்தப் பெட்டியில் இருந்த ஒவ்வொரு தகவலும் சரியானது. ஆனால் இரண்டையும் அருகருகே வைத்ததும், ஆண்களுக்குரிய ஹார்மோன் அதிகம் என்பதால்தான் அவர் பெண்ணை நேசிக்கிறார் என்று, நான் எழுதாத ஒரு பொய் படிப்பவர் மனத்தில் தானாக உருவாகிவிட்டது. டெஸ்டோஸ்டிரோன் இயற்கையாகவே கூடுதலாகச் சுரக்கும் பெண்கள் மகளிர் பிரிவில் ஓடலாமா என்பது தடகள நிர்வாகம் வகுத்த விதி பற்றிய வழக்கு. ஒருவர் யாரை நேசிக்கிறார் என்பதற்கும் அதற்கும் தொடர்பு இல்லை. டூட்டி தொடுத்த வழக்கில் சர்வதேச விளையாட்டு நடுவர் மன்றம் 2015 ஜூலையில் அந்த விதியை நிறுத்திவைத்தது. 2018இல் வந்த புதிய விதியோ 400 மீட்டர் முதல் ஒரு மைல் வரையிலான ஓட்டங்களுக்கு மட்டுமே என்பதால், 100, 200 மீட்டர் ஓடும் அவரை அது தொடவே இல்லை. அந்தப் புதிய விதியை எதிர்த்துத் தென்னாப்பிரிக்க ஓட்ட வீராங்கனை காஸ்டர் செமன்யா தொடுத்த வழக்கில் அதே மே மாதம் முதல் தேதி தீர்ப்பு வந்திருந்ததால் என் தலையில் எல்லாம் கலந்து கிடந்தன என்று காரணம் சொல்லலாம். ஆனால் அது சாக்குதான். 2006 தோகா ஆசிய விளையாட்டில் 800 மீட்டரில் வென்ற வெள்ளிப் பதக்கத்தைப் பாலினச் சோதனையால் இழந்த புதுக்கோட்டை மாவட்டத்துச் சாந்தி சௌந்தரராஜன் எவ்வளவு அவமானத்தைச் சுமக்க நேர்ந்தது என்று அறிந்த ஒருவன் இதைச் செய்திருக்கவே கூடாது.

மறுநாள் எனக்குப் பழக்கமான தடகளப் பயிற்சியாளர் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். பெட்டிச் செய்தியைப் படித்த தகப்பனார் ஒருவர் மைதானத்துக்கு வந்து, இந்தப் பயிற்சியால்தான் பெண் பிள்ளைகளுக்கு இப்படி ஆகிறதா என்று கேட்டுவிட்டு, மகளைக் கையோடு அழைத்துப் போய்விட்டாராம். அந்தப் பெண் அதன்பின் ஓட வரவே இல்லை. திருத்தம் வெளியிடலாமா என்று கேட்டேன். தவறான தகவல் எதுவும் இல்லையே என்றார்கள் அலுவலகத்தில். போன மாதம் பயிற்சி நிருபர் ஒருவர், கிட்டத்தட்ட அதே பெட்டியை அதே வரிசையில் எழுதி என்னிடம் நீட்டினார். எனக்கு வந்த கோபம் இன்னும் அடங்கவில்லை.

குடும்பத்தை ‘மறு தரப்பு’ ஆக்குவது

டூட்டி பேசிய சில நாட்களில் கேமராக்கள் அவருடைய கிராமத்துக்குச் சென்று, குடும்பத்தாரின் எதிர்ப்பை நாடு முழுவதும் ஒளிபரப்பின. இங்கிலாந்துக் கால்பந்து வீரர் ஜஸ்டின் ஃபஷானு 1990இல் நாளிதழ் வழியே தம்மைப் பற்றிச் சொன்னபோது, அவருடைய தம்பியே அவரைப் பகிரங்கமாக ஒதுக்கியதையும் பத்திரிகைகள் விற்பனைக்குப் பயன்படுத்திக்கொண்டன. இரு தரப்பையும் கேட்க வேண்டும் என்பது தகராறுக்கான விதி. வயது வந்த ஒருவர் தம் வாழ்க்கையைப் பற்றிச் சொல்வதில் மறு தரப்பு என ஒன்று இல்லை.

துணையின் பெயர்

அவர் சொல்லாவிட்டால் நீங்களும் தேடாதீர்கள்.

‘உலகின் முதல்’

2021இல் தன்பாலீர்ப்பை வெளிப்படையாகச் சொன்ன ஆஸ்திரேலியக் கால்பந்து வீரர் ஜோஷ் கவாலோவுக்கும் இந்தப் பட்டத்தைச் சூட்டினார்கள். அமெரிக்காவில் ராபி ராஜர்ஸ் 2013இலேயே வெளிப்படையாக விளையாடியிருந்தார். பிரிட்டனில் ஃபஷானுவுக்குப் பிறகு, ஆடிக்கொண்டிருக்கும்போதே இதைச் சொன்ன அடுத்த ஆண் தொழில்முறைக் கால்பந்து வீரர் 2022இல் பேசிய பதினேழு வயது ஜேக் டேனியல்ஸ். இடையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஏன் ஒருவரும் பேசவில்லை என்பதுதான் எழுத வேண்டிய செய்தி.

அரசியல் கேள்வியைத் தவறான ஆளிடம் கேட்பது

தன்பாலுறவு குற்றமாக உள்ள கத்தாரில் 2022 உலகக் கோப்பை நடந்தது. அங்கே விளையாடப் போவதற்கு அச்சமாக இருக்கும் என்று கவாலோ முந்தைய ஆண்டே சொல்லியிருந்தார். போட்டி தொடங்கியதும், பாகுபாட்டுக்கு எதிரான ‘ஒன் லவ்’ கைப்பட்டை அணியும் அணித் தலைவர்களுக்கு மஞ்சள் அட்டை காட்டப்படும் என்று ஃபிஃபா எச்சரிக்க, ஏழு ஐரோப்பிய அணிகள் பின்வாங்கின. அந்த முடிவுக்கு விளக்கம் தர வேண்டியவர்கள் ஃபிஃபா நிர்வாகிகளும் போட்டியை அங்கே நடத்த வாக்களித்தவர்களும். நாமோ வெளிப்படையாக இருக்கும் வீரர் யாரைக் கண்டாலும் அவரிடம் ஒலிவாங்கியை நீட்டுகிறோம். அவர் பேசினால் அரசியல் செய்கிறார் என்று ஒரு சாரார் ஏசுவார்கள். பேசாவிட்டால் கோழை என்று இன்னொரு சாரார் ஏசுவார்கள். விதியை எழுதியவர் மட்டும் எந்தக் கேள்விக்கும் ஆளாகாமல் போய்விடுவார்.

முதல் வரி

2019 ஜூலையில் நேப்பிள்ஸ் நகரில் நடந்த உலகப் பல்கலைக்கழக விளையாட்டுப் போட்டியில் டூட்டி 100 மீட்டர் ஓட்டத்தில் தங்கம் வென்றார். அந்தச் செய்தியின் முதல் வரியில் இருக்க வேண்டியது 11.32 வினாடி.