'கோடா' கேட்கிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிரிட்டிஷ் ராக் குழுவான லெட் செப்பெலினின் ஸ்டுடியோ ஆல்பங்களை வரிசையாகக் கேட்டு முடித்த இளைஞர்கள் அடுத்து வந்து நிற்கிற இடம் 'கோடா'. குழு கலைந்த பிறகு, கிடப்பில் கிடந்த எட்டுப் பதிவுகளைத் திரட்டி, கிதார் கலைஞர் ஜிம்மி பேஜ் 1982 நவம்பரில் வெளியிட்ட ஆல்பம் அது. நாங்கள் அந்த வயதில் இடறி விழுந்த அதே இடங்களில் இவர்களும் இடறுவதைப் பார்க்கிறேன். கீறல் விழுந்த இசைத்தட்டை வாங்காதே என்பது போன்ற புத்திமதிகளை யார் வேண்டுமானாலும் சொல்வார்கள். அவற்றை விட்டுவிடுகிறேன்.

இதை 1982-இன் ஆல்பமாகக் கேட்பது

டிரம்மர் ஜான் போன்ஹாம் 1980 செப்டம்பர் 25 அன்று இறந்தார். அந்த டிசம்பரிலேயே குழு தன் முடிவை அறிவித்துவிட்டது. ஆகவே "எண்பதுகளில் குழுவின் பாணி மாறிவிட்டது" என்று இதை வைத்துப் பேசுவதற்கு இடமே இல்லை. 'புவர் டாம்' 1970-இல் மூன்றாவது ஆல்பத்துக்காகப் பதிவானது. 'ஓசோன் பேபி', 'டார்லீன்', 'வேரிங் அண்ட் டேரிங்' மூன்றும் 1978-இல் ஸ்டாக்ஹோமில் பதிவானவை.

உறையில் அச்சிட்டதை வேதவாக்காகக் கொள்வது

இதுதான் பணத்தைக் கரைக்கிற தவறு. இன்றைக்கும் எனக்கு எரிச்சலூட்டுகிற தவறும் இதுதான்.

முதல் பாடல் 'வீ ஆர் கோனா குரூவ்' 1969 ஜூனில் லண்டன் மார்கன் ஸ்டுடியோவில் பதிவானது என்று 1982-இன் உறையில் போட்டிருந்தார்கள். உண்மையில் அது 1970 ஜனவரி 9 அன்று ராயல் ஆல்பர்ட் ஹாலில் நடந்த கச்சேரி. பல டிராக் பதிவில் பாட்டு, கிதார், டிரம், கூட்டத்தின் சத்தம் எல்லாம் தனித்தனியாக நாடாவில் இருக்கும். கூட்டத்தின் டிராக்கை அடக்கினால் அரங்கம் மறைந்துவிடும், கச்சேரி ஸ்டுடியோப் பதிவாகிவிடும். அதற்கு மேல் பேஜ் 1982-இல் தன் சொந்த ஸ்டுடியோவான சோலில் வைத்துப் புதிதாகக் கிதாரும் சேர்த்தார். 'ஐ காண்ட் குவிட் யூ பேபி'யும் அதே இரவுதான். ஆனால் உறையில் அதைக் கச்சேரிக்கு முந்தைய ஒத்திகை என்று போட்டார்கள்.

பாட்டு கெட்டுப்போகவில்லை, நன்றாகவே இருக்கிறது. உறையில் இருந்த ஒற்றை வரியை நம்பி ஆட்கள் மாளிகை கட்டுவதுதான் தாங்க முடியவில்லை. "1969-லேயே பேஜின் கிதார் எவ்வளவு கனமாக ஒலிக்கிறது கேட்டீர்களா?" என்று ஒருவர் என்னிடம் ஒரு மாலை முழுக்க வாதாடினார். அவர் மெச்சிய அந்த அடிக்கனம் பதின்மூன்று ஆண்டுகள் கழித்து ஒட்டப்பட்டது.

இன்னொரு தம்பி இன்னும் ஒரு படி மேலே போனார். 'மார்கன் 1969, வெளிவராத பதிவு' என்று அட்டை ஒட்டிய கள்ளப் பதிப்பு ஒன்றை, பத்து அசல் சிடி வாங்கக்கூடிய விலைக்கு வாங்கிக்கொண்டு பெருமையோடு வந்தார். நான் ஒன்றும் சொல்லவில்லை. ஆல்பர்ட் ஹால் கச்சேரி 2003-இல் டிவிடியாக வந்திருக்கிறது. கச்சேரியின் தொடக்கமே இந்தப் பாடல்தான். அதைப் போட்டேன், பிறகு அவருடைய தட்டைப் போட்டேன். பாதிப் பாட்டில் அவர் முகம் வாடியது. "அண்ணா, டிரம் அடிக்கு அடி ஒன்றாக இருக்கிறதே!" என்றார். இருக்காமல் என்ன செய்யும்? போன்ஹாம் ஒரே உருட்டலை இரண்டு நாள் அச்சுப் பிசகாமல் வாசிக்கிற ஆள் இல்லை. அவர் வாங்கியது 'கோடா'வில் இருக்கிற அதே பாட்டு, கொஞ்சம் வேகம் கூட்டி.

ஆகவே அபூர்வப் பதிவு என்று எதற்காவது பணம் கொடுக்கும் முன், வெளிவந்த நேரடிப் பதிவுகளோடு டிரம்மை ஒப்பிடுங்கள். கிதாரை ஒப்பிட்டுப் பயனில்லை. பின்னால் சேர்க்கப்படுவது பெரும்பாலும் கிதாரும் குரலும்தான். டிரம்மைப் பின்னால் மாற்றுவது கடினம்.

ஒதுக்கியதெல்லாம் கழிசடை என்று முடிவு கட்டுவது

ஒரு பாட்டு ஆல்பத்தில் இடம்பெறாததற்குத் தரம் மட்டுமே காரணம் இல்லை. எல்பி தட்டில் ஒரு பக்கத்துக்கு ஏறக்குறைய இருபது நிமிடம்தான் நன்றாக அடங்கும். 'வேரிங் அண்ட் டேரிங்' 1979 நெப்வொர்த் கச்சேரியை ஒட்டி வெளியிட நினைத்த பாட்டு, நேரத்துக்கு வரவில்லை. 1990-இல் அதே நெப்வொர்த்தில் பேஜும் பாடகர் ராபர்ட் பிளான்ட்டும் அதை மேடையேற்றினார்கள்.

பெயரை மட்டும் பார்த்து வாங்குவது

1982 எல்பியில் எட்டுப் பாடல்கள். 1993 சிடி பதிப்பில் நான்கு கூடின. 'இமிக்ரன்ட் சாங்' தட்டின் மறுபக்கமாக 1970-இல் வந்த 'ஹே ஹே வாட் கேன் ஐ டூ' அவற்றில் ஒன்று. 2015-இன் மூன்று தட்டுப் பதிப்பில் அசல் எட்டோடு இன்னும் பதினைந்து. 1972-இல் பேஜும் பிளான்ட்டும் பம்பாயில் உள்ளூர்க் கலைஞர்களோடு பதிவு செய்த 'ஃப்ரெண்ட்ஸ்' அதிகாரபூர்வமாக வந்தது இந்தப் பதிப்பில்தான். அந்தத் தபலாவுக்காகப் பழைய பதிப்பை வாங்கிவிட்டுப் புலம்புகிறவர்கள் உண்டு.

செப்பெலினை இதிலிருந்து தொடங்குவது

வேண்டாம். நான்காவது ஆல்பம் இருக்கிறது.

'பான்ஸோஸ் மான்ட்ரூ'வைக் கைப்பேசி ஒலிபெருக்கியில் கேட்பது

இந்த ஆல்பத்தில் இருக்கிற இந்தப் பதிவு முழுக்க முழுக்க போன்ஹாமின் டிரம். அப்படிக் கேட்பதற்குக் கேட்காமலே இருந்துவிடலாம்.