எட்டு மணி நாடகத்தில் விளம்பரம் எவ்வளவு? எண்ணிப் பார்க்கும் முறை

எங்கள் அம்மா மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் முப்பது வருஷம் பால்மரம் சீவியவர். இப்போது டவுனில் வீடு. எட்டு மணி நாடகத்தை மட்டும் விடமாட்டார். "அரை மணியில பாதி விளம்பரந்தான் போடுறானுங்க" என்று தினமும் புலம்பல். பாதியா என்று ஒருநாள் எண்ண உட்கார்ந்தேன்.

முதல் நாள் எண்ணியது வீண். நாடகம் தொடங்கியதிலிருந்து முடியும்வரை கணக்கெடுத்தேன். ஆனால் விதியெல்லாம் கடிகார மணியைத்தான் பார்க்கிறது. இந்தியாவின் கேபிள் விதிகளில் மணிக்கு 12 நிமிடம்தான் விளம்பரம்: 10 நிமிடம் வியாபாரத்துக்கு, 2 நிமிடம் சேனலின் சொந்த விளம்பரத்துக்கு. அந்த மணி எது என்பதை 2013இல் அங்குள்ள தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ட்ராய் தெளிவாக்கியது. எட்டு அடித்ததிலிருந்து ஒன்பது அடிக்கும் வரை. ஆகவே முதல் அரை மணியில் 9 நிமிடம், அடுத்த அரை மணியில் 3 நிமிடம் என்று போட்டாலும் குற்றமில்லை. பிரிட்டனிலும் ஒரு மணிக்கு உச்சம் 12 நிமிடந்தான். ஆனால் ஐடிவி மாதிரி பொதுச்சேவை சேனல்களுக்கு நாள் முழுக்கச் சராசரி மணிக்கு 7 நிமிடம் என்று இன்னொரு கடிவாளமும் உண்டு. நம் வீட்டுப் பெட்டி மலேசியச் சட்டத்துக்கு உட்பட்டது. நான் அந்த 12ஐ ஒப்பிட்டுப் பார்க்க மட்டும் எடுத்துக்கொண்டேன்.

பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் கோடு போட்டு மூன்று பத்தியாகப் பிரியுங்கள்: வியாபாரம், சேனலின் சொந்த விளம்பரம், சந்தேகம். கைப்பேசியில் ஸ்டாப்வாட்ச். எட்டு அடித்ததும் தயாராக இருங்கள். நாடகம் மூன்று நிமிஷம் தாமதமாக வந்தாலும் சரி. பிஸ்கட், சோப்பு, சேலைக்கடை எல்லாம் முதல் பத்தியில். "நாளை இரவு காணத் தவறாதீர்கள்" இரண்டாம் பத்தியில். "வழங்குபவர்கள்" அட்டை, திரையின் அடியில் ஓடும் பட்டை, கதாநாயகி வேண்டுமென்றே லேபிளைத் திருப்பிக் காட்டும் மசாலா டப்பா, இதெல்லாம் சந்தேகப் பத்திக்கு, மொத்தத்தில் கூட்டாதீர்கள். தலைப்புப் பாட்டும் நேற்றைய கதைச் சுருக்கமும் விளம்பரமில்லை, எவ்வளவு எரிச்சல் வந்தாலும். ஒரே இரவை நம்பாதீர்கள். தீபாவளி நெருங்கும்போது சேலைக்கடைகள் வரிசை கட்டும். நான்கைந்து நாள் எழுதுங்கள்.

எனக்கு ஒரு புதன்கிழமை வந்த கணக்கு: எட்டிலிருந்து எட்டரை வரை 7 நிமிடம் 50 விநாடி. எட்டரையிலிருந்து ஒன்பது வரை 3 நிமிடம் 30 விநாடி. மொத்தம் 11 நிமிடம் 20 விநாடி.

தாளைக் கொண்டுபோய் அம்மாவிடம் நீட்டினேன். "பாத்தீங்களா, பன்னெண்டுக்குள்ளதான் இருக்கு."

கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டு, இரண்டாவது வரியை விரலால் மறைத்துக்கொண்டார். "எட்டரைக்கு நாடகம் முடிஞ்சதும் நான் டிவிய அடைச்சிடுறேன். இந்த மூணரை நிமிஷத்த எதுக்குடி என் கணக்குல எழுதுற?"